பண்பாட்டெல்லைகளைக் கடக்கும் உளச்சிகிச்சை: பத்மல் டி சில்வாவின் பணியும் ஊவாத் தோட்டங்களின் தேவையும்

1. முன்னுரை

மனித உள்ளம் எங்கும் ஒரே தன்மையதா, அன்றி அது வாழும் சமூகத்தின் மொழியாலும் வழக்காலும் வேறுபடுவதா என்னும் வினா உளவியலின் தொடக்க காலத்திலிருந்தே எழுப்பப்பட்டு வருவதாகும். ஆய்வுகூடத்தில் இவ்வினாவுக்கு விடை காணாமலே உளவியலாளர் தம் பணியைத் தொடரலாம். சிகிச்சை அறையில் அது இயலாது. எதிரே அமர்ந்திருப்பவர் கூறும் துயரத்தை எச்சொல்லாற் குறிப்பது, அதனை நோயெனக் கொள்வதா வழக்கெனக் கொள்வதா, எம்முறையால் ஆற்றுவது என்பன அங்கு உடனடியாகத் தீர்மானிக்கப்படல் வேண்டும். ஆகவே, பண்பாடும் உள்ளமும் பற்றிய விவாதத்தில் சிகிச்சை உளவியலாளரின் அனுபவம் தனிக் கவனத்திற்குரியதாகின்றது.

சிகிச்சை உளவியலாளர் உளமருத்துவரினின்றும் வேறானவர். உளமருத்துவர் மருத்துவக் கல்வி பெற்றவர், மருந்து எழுதுபவர். சிகிச்சை உளவியலாளரோ உளவியலிற் பட்டமும் சிகிச்சைப் பயிற்சியும் பெற்று, பேச்சினாலும் பயிற்சிமுறைகளாலும் நடத்தையையும் எண்ணத்தையும் மாற்ற முயல்பவர். மருந்து எம்மொழியினர்க்கும் ஒரே அளவிற் கொடுக்கப்படலாம், பேச்சு அவ்வாறன்று. சிகிச்சைக் கருவியே மொழியாக உள்ள துறையில் மொழியும் பண்பாடும் புறச்செய்திகளாகா.

பண்பாடு கடத்தல் என்றவுடன் மேற்கிற்கும் கிழக்கிற்கும் இடையிலான கடலே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின் அவ்வெல்லை பல வேளைகளில் மிக அண்மையிலேயே உள்ளது. எல்லவுக்கும் பதுளைக்கும் இடையே அமைந்த தெமோதரை, தன் புகையிரத நிலையத்தின் கீழாகவே சுரங்கம்வழி வளைந்து செல்லும் பாதைக்கும், 1921இல் நிறைவுற்ற ஒன்பது வளைவுப் பாலத்திற்கும் பெயர்பெற்றது. அப்பாதையின் இருமருங்கும் உள்ள தேயிலை மலைகளின் லயங்களிலிருந்து பதுளைப் பொது மருத்துவமனைக்குச் செல்லும் தொழிலாளி கடக்கும் தொலைவு சில மைல்களே. எனினும் அவர் தமிழிலிருந்து சிங்களத்திற்கும், லயத்திலிருந்து நகரத்திற்கும், கோடாங்கியின் உடுக்கிலிருந்து மருத்துவரின் வினாக்கொத்திற்கும் செல்கின்றார். இலண்டனுக்குச் சென்ற புலம்பெயர்ந்தவர் கடந்ததிலும் இது சிறிய எல்லை என்று சொல்வதற்கில்லை.

இலங்கையிலிருந்து சென்று இலண்டனிற் பணியாற்றிய சிகிச்சை உளவியலாளர் பத்மல் டி சில்வாவின் பணியை மையமாகக் கொண்டு, இலங்கைச் சூழலில் உள்ளம் பற்றி ஆராய்ந்த பிறரின் கருத்துக்களையும் இணைத்து நோக்கி, அவற்றால் ஊவாத் தோட்டங்களின் தமிழ் மக்களுக்கு யாது பயன் என வினவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பத்மல் டி சில்வா: சிகிச்சை, போதனை, ஆய்வு

டி சில்வா இலண்டன் உளமருத்துவ நிறுவனத்தில் விரிவுரையாளராகவும், அதனோடிணைந்த மோட்ஸ்லி மருத்துவமனையிற் சிகிச்சை உளவியலாளராகவும் நெடுங்காலம் பணியாற்றியவர். நடத்தைச் சிகிச்சை பிரித்தானியாவில் வேரூன்றிய இடங்களுள் இந்நிறுவனம் முதன்மையானது. உளநோயை ஆழ்மனத்தின் புதிராகக் கொள்ளாது, கற்றுக்கொள்ளப்பட்ட நடத்தையாகவும் எண்ணப் பழக்கமாகவும் கொண்டு, அளந்தறியக்கூடிய முறைகளால் அதனை மாற்றலாம் என்பது இம்மரபின் அடிப்படை நம்பிக்கையாகும்.

இம்மரபினுள் அவர் செய்த ஆய்வுகளுள் 1978இல் ஸ்ரான்லி றக்மனுடன் இணைந்து வெளியிட்டது பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. விரும்பாமலே மனத்துட் புகுந்து அலைக்கழிக்கும் எண்ணங்கள் சுழல்நோயாளரிடம் மட்டுமே உண்டு எனக் கருதப்பட்டு வந்தது. பிறரைத் தாக்கிவிடுவேனோ, தகாத சொல்லைப் பலரறியக் கூறிவிடுவேனோ, கை அழுக்காயிற்றோ என்பன இத்தகையன. நோயற்ற சாதாரண மக்களிடம் வினவியபோது அவர்களுள் ஏறத்தாழ 80 வீதத்தினர் இத்தகைய எண்ணங்கள் தமக்கும் தோன்றுவதாகக் கூறினர். எண்ணங்களின் பொருளில் இருசாராரிடையே பெரிய வேறுபாடு இல்லை. அவை எத்துணை அடிக்கடி வருகின்றன, எவ்வளவு துன்பம் தருகின்றன, எளிதிற் புறந்தள்ளப்படுமா என்பவற்றிலேயே வேறுபாடு காணப்பட்டது.

இப்பெறுபேற்றின் முக்கியத்துவம் சிகிச்சையோடு மட்டும் நின்றுவிடுவதன்று. நோயாளர் வேறொரு வகை மனிதர் என்னும் கருத்தினை அது தகர்த்தது. "உமக்குத் தோன்றும் எண்ணம் எல்லோர்க்கும் தோன்றுவதே, அதனோடு நீர் கொண்டுள்ள போராட்டமே உமது இடர்" எனக் கூறுதல் பலருக்குச் சிகிச்சையின் முதற்படியாக அமைகின்றது. பைத்தியம் என்னும் ஒரு சொல்லால் மனிதரை ஊரினின்றும் பிரித்துவிடும் சமூகங்களுக்கு இக்கருத்து மிகவும் வேண்டப்படுவதாகும்.

அவரது ஆய்வின் இரண்டாவது கிளை அச்சநோய்கள் பற்றியது. பாம்பு, உயரம், இருள் போன்ற, மனித குலத்தின் தொல்வரலாற்றில் ஆபத்தாயிருந்த பொருள்களின்மீதே அச்சநோய்கள் எளிதில் உருவாகின்றன என்னும் கொள்கையை மாட்டின் செலிக்மன் முன்வைத்திருந்தார். இக்கொள்கைக்குச் சிகிச்சைப் பதிவேடுகளில் ஆதாரம் உண்டா என்பதனை 1977இல் றக்மன், செலிக்மன் ஆகியோருடன் இணைந்து இலண்டன் நோயாளரிடை ஆராய்ந்த டி சில்வா, 1988இல் அதே வினாவை இலங்கை நோயாளரிடம் எடுத்துச் சென்றார். ஓரிடத்திற் பெற்ற முடிவை உலகப் பொதுவென அறிவிக்கும் முன் பிறிதோரிடத்திற் சோதித்தல் வேண்டும் என்னும் ஆய்வு நேர்மை இதில் வெளிப்படுகின்றது.

மூன்றாவது கிளையே நமக்கு மிகவும் நெருங்கியது. 1984, 1985ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், ஆதி பௌத்த நூல்களில் நவீன நடத்தைச் சிகிச்சையை ஒத்த முறைகள் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். மஜ்ஜிம நிகாயத்தின் இருபதாம் சூத்திரமான வித்தக்கசந்தான சூத்திரம், தீய எண்ணங்களை அகற்ற ஐந்து வழிகளைப் படிமுறையாகக் கூறுகின்றது. அவ்வெண்ணத்திற்கு மாறான நல்லெண்ணத்தை வருவித்தல். அதன் தீங்கை ஆராய்தல். அதனைக் கவனியாது விடுதல். அது தோன்றும் காரணத்தை நோக்கி அதனைப் படிப்படியாகத் தணித்தல். இறுதியாகப் பல்லைக் கடித்து முயன்று அடக்குதல் என்பன அவை. தச்சர் பெரிய ஆப்பைச் சிறிய ஆப்பால் அடித்து வெளியேற்றுவதனை முதல் வழிக்கு உவமையாக அந்நூல் காட்டும். எண்ணமாற்று, கவனமாற்று, எண்ணத்தடை எனச் சிகிச்சையாளர் இருபதாம் நூற்றாண்டிற் பெயரிட்டவற்றோடு இவை பெரிதும் ஒத்திருக்கின்றன.

இவ்வொப்புமையைக் கொண்டு "எல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே" எனப் பெருமை பேசும் வழியில் அவர் செல்லவில்லை என்பது மனங்கொளத்தக்கது. அவர் முன்வைத்த வாதம் இரு பகுதிகளையுடையது. பழைய முறையெனினும் அதன் பயன் சோதனையால் நிறுவப்படல் வேண்டும் என்பது ஒன்று. நிறுவப்பட்டபின், பௌத்தச் சூழலில் வளர்ந்தவர்க்கு அம்முறை அயலானதாகத் தோன்றாமையால் அவர் அதனை ஏற்றுப் பயிலும் வாய்ப்பு மிகுதி என்பது மற்றொன்று. மரபினைப் போற்றுதலும் சோதித்தலும் முரண்படுவனவல்ல என்பதற்கு அவர் பணி தக்க சான்றாகும். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் இலங்கை மக்கள் அவ்விழப்பை எவ்வாறு பொருள்கொண்டனர் என்பதைப் பௌத்த நோக்கில் ஆராய்ந்து 2006இல் அவர் எழுதியதும் இத்தொடர்ச்சியிலேயே வைத்து நோக்கத்தக்கது.

3. பெயரிடுதலின் இடர்ப்பாடு

டி சில்வா முறைகளின் பொருத்தத்தை ஆராய்ந்தாரெனின், நோய்ப் பெயர்களின் பொருத்தத்தையே வினாவுக்குட்படுத்தியவர் மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர. 1985இல் வெளிவந்த தம் கட்டுரையில், மேலைநாட்டு ஆய்வாளர் மனச்சோர்வின் இலக்கணமாகக் கூறும் நம்பிக்கையின்மையும், உலகம் துன்பமயம் என்னும் உணர்வும் பௌத்தர் ஒருவரிடம் நோயாகாது, வாழ்க்கை பற்றிய தெளிந்த கருத்தாகவே அமையக்கூடும் என அவர் வாதித்தார். இதனை மறுதலையாகவும் அவர் நோக்கினார். தெற்காசியாவில் விந்து இழப்பால் உடல் நலிகின்றது என அஞ்சும் இளைஞர் பலர். அவ்வச்சத்தை ஒரு நோயாக வரையறுத்து, அதற்குரிய வினாக்கொத்தை அமெரிக்காவிற் கொண்டுசென்று நோயாளரை எண்ணினால் அது நகைப்புக்கிடமாகும். அங்ஙனமாயின், அங்கு உருவான வினாக்கொத்தை இங்கு கொண்டுவந்து எண்ணுதல் மட்டும் எவ்வாறு அறிவியலாகும் என்பதே அவர் வினா. ஆதர் கிளைன்மன் இதனை வகைப்பாட்டு வழு எனக் குறித்தார்.

ஊவா மாகாணத்திலேயே அமைந்த கதிர்காமத்தில், சடைமுடி தாங்கிச் சாமியாடும் பெண்களை ஆராய்ந்து 1981இல் ஒபயசேகர வெளியிட்ட நூலும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தாங்கொணாத் துயரத்திலிருந்து தோன்றிய தனிமனித அறிகுறி, சமூகம் ஏற்கும் ஒரு குறியீட்டைப் பற்றிக்கொள்ளும்போது, அம்மனிதருக்கு நோயாளி என்பதற்குப் பதிலாக வேறொரு நிலையை அளிக்கின்றது என்பதனை அந்நூல் விளக்குகின்றது. நான்சி வக்ஸ்லர் 1979இல் இலங்கையில் மனப்பிளவு நோயாளரைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதிய கட்டுரையும் இதனோடு ஒத்துச் செல்வது. தொழில்மயப்பட்ட நாடுகளின் நோயாளரிலும் இங்குள்ளோர் நன்கு தேறியமைக்குக் குடும்பமும் சமூகமும் அவர்களை நிரந்தர நோயாளராக முத்திரையிடாமையே காரணம் என அவர் கருதினார்.

எனினும் இவ்வாய்வுகளிலிருந்து பெறக்கூடிய தவறான முடிபொன்றும் உண்டு. பண்பாடே ஆற்றிவிடும், மருத்துவம் வேண்டா என்பதே அது. சாமியாடுதல் எல்லோர்க்கும் விடுதலையாவதில்லை. கடும் மனப்பிளவு நோயுற்றவரைக் கோயிலிற் கட்டிவைத்தலும், மனச்சோர்வினால் உயிர்விடத் துணிந்தவரைச் செய்வினை கழிக்க அழைத்துச் செல்வதனோடு நின்றுவிடுதலும் பண்பாட்டின் பெயரால் நியாயப்படுத்தத் தக்கனவல்ல. பெயரிடுதல் இடர்மிக்கது, பெயரிடாது விடுதலும் இடர்மிக்கதே.

4. தமிழ்ச் சூழலும் அதன் உள்வேறுபாடுகளும்

தமிழரிடையே இத்துறையில் பெரும்பணி ஆற்றியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம். போரின் உளத்தாக்கம் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டதோடு, தமிழில் 'மனவடு' என்னும் நூலையும் எழுதினார். 2007இல் வெளிவந்த அவரது ஆய்வு, போரின் காயத்தைத் தனிமனிதர்களின் நோய்களாக மட்டும் எண்ணுதல் போதாது எனவும், குடும்பமும் ஊரும் ஓர் அலகாக வாழும் சமூகத்திற் காயமும் கூட்டுக் காயமாகவே அமைகின்றது எனவும் வலியுறுத்தியது. சாந்தியாசனம், மந்திரம், தியானம் போன்ற மரபுவழித் தளர்வு முறைகளைச் சிகிச்சையிற் பயன்படுத்தியமையில் அவர் பணி டி சில்வாவின் பணியோடு இணைந்து செல்கின்றது. பின்னர் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் அகதிகளிடையே பணியாற்றியமையால், இருவேறு பண்பாடுகளின் எல்லையில் நின்று நோக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் உருவான இவ்வறிவை அப்படியே ஊவாத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லலாமா என்பதே நம் வினா. இருவரும் தமிழர், மொழியும் ஒன்றே என்பது மேலோட்டமான விடை. யாழ்ப்பாணத்தில் "யோசனை" என்பது பெரிதும் கவலையைக் குறிக்கும். தோட்டப்புறத்தில் அச்சொல் சிந்தித்தலையே குறிக்கும். அங்கு "தலையிடி", இங்கு "தலவலி". அங்கு "விசர்", இங்கு "பைத்தியம்" அல்லது "கிறுக்கு". "உமக்கு அதிகம் யோசனை உண்டோ" என ஒரு வினாக்கொத்துக் கேட்டால், தெமோதரைத் தொழிலாளி தன் அறிவைக் குறித்துக் கேட்கின்றனர் என எண்ணக்கூடும். தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட வினாக்கொத்து ஒன்று உள்ளது என்பதனால் அது எல்லாத் தமிழர்க்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் தவறு.

சொல்லளவில் மட்டுமன்றி, சமயத்திலும் வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்தின் ஆகமச் சைவத்தை அடிப்படையாகக் கொண்ட ஆறுதல் முறை, மாடசாமியையும் முனியையும் காளியையும் வழிபட்டு, தொழிற்சாலைச் சக்கரத்திற்கே ரோதைமுனி எனத் தெய்வம் படைத்துக்கொண்ட மக்களுக்கு உரியதாக அமையும் எனச் சொல்வதற்கில்லை. எந்திரமும் மலையும் உயிரைப் பறிக்கக்கூடிய சூழலில், அவற்றைக் காவல் தெய்வங்களாக்கி அச்சத்தை ஓர் ஒழுங்கினுட் கொண்டுவந்த மக்களின் உளவியல் அறிவு அதில் அடங்கியுள்ளது. காமன் கூத்தில் மன்மதன் எரிந்து மீண்டும் எழுதலை ஆண்டுதோறும் ஊரே கூடி நடத்துதலும் அத்தகையதே. பௌத்த சூத்திரத்தினிடத்து டி சில்வா செய்ததனை இவ்வழக்குகளினிடத்துச் செய்த ஆய்வுகள் நமக்கு வேண்டும்.

5. உடல் பேசும் துயரம்

எடுத்துக்காட்டாக, கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் மருத்துவமனைக்கு வருகின்றார் எனக் கொள்வோம். நெஞ்சை அடைக்கின்றது, கைகால் ஓய்ந்து போகின்றது, மண்டை சூடாகின்றது என்பன அவர் முறைப்பாடு. இதயத்திலும் இரத்தத்திலும் குறை காணப்படவில்லை. துயரத்தைச் சொல்லாற் கூற அறியாது உடலாற் கூறுகின்றார் என்பது பாடநூல் தரும் விளக்கம். கல்வியும் தன்னாய்வும் குறைந்த மக்கள் உளத்துயரை உடல்நோயாக மாற்றுகின்றனர் என்னும் எண்ணம் இவ்விளக்கத்தின் பின்னே மறைந்துள்ளது.

தோட்டத்தின் உழைப்பு ஒழுங்கினை அறிந்தவர் இதற்கு வேறொரு விளக்கமும் காணலாம். அதிகாலையிற் பிரட்டுக்கு வராதவருக்கு அன்றைய பேர் இல்லை. வராமைக்கு ஏற்கப்படும் காரணம் உடல்நோயே. அதனையும் தோட்டத்து மருந்துக்காரர் ஏற்றல் வேண்டும். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் முதலாகத் தோட்ட மருத்துவம் நாட்டின் பொது மருத்துவத்தினின்றும் பிரிந்தே வளர்ந்தது; தோட்ட மருத்துவமனைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களிலேயாகும். உழைப்பாளியை மீண்டும் மலைக்கு அனுப்புதலை நோக்காகக் கொண்ட அவ்வமைப்பிற் காய்ச்சலுக்கு இடமுண்டு; துக்கத்திற்கு இடமில்லை. தலைமுறை தலைமுறையாக உடலின் சொல் ஒன்றே செல்லுபடியாகிய இடத்தில், மக்கள் உடலின் சொல்லாற் பேசுவது அறியாமையன்று; அது அவர் கற்றுக்கொண்ட மொழி எனக் கருதுவதற்கு இடமுண்டு.

பேய் பிடித்தலையும் இவ்வாறே நோக்கலாம். காத்துக் கருப்பு அண்டியதாகக் கருதப்படும் பெண்ணைச் சூழ்ந்து குடும்பம் கூடுகின்றது. கோடாங்கி உடுக்கடித்து, "நீ யார், உனக்கு என்ன வேண்டும்" எனக் கேட்கின்றார். நாள்தோறும் எவரும் அவளிடம் கேளாத வினா இது. கணவனின் குடியையோ மாமியாரின் கொடுமையையோ அவள் வாயால் உரைத்தால் அது குற்றம். பேயின் வாயால் உரைத்தால் ஊர் கேட்கின்றது. இதில் உள்ள ஆற்றலையும் உணர்தல் வேண்டும். எல்லையையும் உணர்தல் வேண்டும். பேய் ஓட்டப்பட்ட பின்னரும் குடியும் கொடுமையும் அவ்விடத்திலேயே இருக்கின்றன.

டி சில்வாவின் சுழல்நோய் ஆய்வு இங்கும் ஒரு வழி காட்டுகின்றது. இழவு வீட்டிற்குச் சென்று வந்தவர் தலைமுழுகுதலும் தீட்டுக் கழித்தலும் நோயாகா, அவை வழக்கு. அவரே நாளெல்லாம் கழுவி, வேலைக்குச் செல்ல இயலாது வருந்துவாராயின் அது நோயாகலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை மருத்துவர் தம் வீட்டு வழக்கைக் கொண்டு வரைதல் இயலாது; நோயாளியின் லயத்தார் எதனை அளவு என்கின்றனர் என்பதை அறிந்தே வரைதல் வேண்டும். தமிழறியாத மருத்துவருக்கும் சிங்களம் அறியாத நோயாளிக்கும் இடையே பணியாளர் ஒருவரோ, பள்ளி செல்லும் பிள்ளையோ மொழிபெயர்க்கும் நிலையில் இவ்வெல்லைக்கோடு எங்ஙனம் வரையப்படும்? தாயின் உயிர்விடும் எண்ணத்தை மகன் மொழிபெயர்க்க நேர்தல் மகனுக்கும் தீங்கு. தாயோ அவன் முன் அதனைச் சொல்லவே மாட்டாள்.

6. வரலாறும் வர்க்கமும்

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழக்கூடும். தோட்டத் தொழிலாளியின் துயரத்திற்குக் காரணம் குறைந்த கூலியும் ஒடுங்கிய லயமும் உரிமையின்மையுமே. அதனை உளவியலாகப் பேசுதல் சமூகக் குறையைத் தனிமனிதனின் குறையாக மாற்றுவதன்றோ என முற்போக்குச் சிந்தனையாளர் வினவுவர். வினா நியாயமானதே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் இம்மக்கள் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. 1974இல் அத்தொகையும் இருகூறாக்கப்பட்டது. 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. 1983 ஜூலையிற் பதுளை நகரும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்ட அளவில் முடிவு காண 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே லயத்தில் வாழ்ந்த உடன்பிறந்தாருள் ஒருவர் தலைமன்னார் வழியாகக் கப்பலேறி நீலகிரிக்கும், ஒருவர் இங்கேயுமாகப் பிரிந்த துயரத்தை எந்நோய்ப் பெயராற் குறிப்பது?

வலன்ரைன் டானியலின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. தேயிலைத் தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டும் நோக்குடன் 1983இல் இலங்கைக்கு வந்த இம்மானிடவியலாளர், பாடல்களுக்குப் பதிலாக வன்செயல் பற்றிய சொற்களையே கேட்க நேர்ந்தது. 1996இல் வெளியான அவர் நூல் அதன் விளைவாகும். சொல்லவும் இயலாது, சொல்லாதிருக்கவும் இயலாது நிற்பவர்களிடம் ஆய்வாளர் எவ்வாறு செவிசாய்ப்பது என்பது அந்நூலை ஊடுருவி நிற்கும் வினா. சிகிச்சையாளரின் வினாவும் அதுவே.

ஆயினும் மேற்கூறிய ஆட்சேபம் முழு உண்மையன்று. தற்கொலை பற்றிய தரவுகள் இதனைத் தெளிவுபடுத்தும். இலங்கையின் தற்கொலை வீதம் 1995இல் நூறாயிரவருக்கு ஏறத்தாழ 47 என்னும் உச்சத்தை அடைந்தது. அவ்வாண்டில் மிகுந்த நச்சுத்தன்மையுடைய பூச்சிகொல்லிகளும், 1998இல் என்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ அரைப்பங்காகக் குறைந்தது. வறுமையும் துயரமும் ஒழிந்துவிடவில்லை. கணநேரத்து ஆவேசத்திற் கையெட்டும் தொலைவிலிருந்த நஞ்சு அகற்றப்பட்டது. சமூக மாற்றம் முழுமையாக வரும்வரை காத்திராது, இடைப்பட்ட காலத்தில் உயிரைக் காக்கும் வழிகள் உண்டு என்பதும், அவ்வழிகளிற் சில அரச கொள்கையின்பாற்பட்டன என்பதும் இதனாற் பெறப்படும். களைகொல்லியைக் கையாளுதலே தொழிலாயுள்ள தோட்டங்களுக்கு இது நேரடிப் பாடமாகும்.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைப் பகுதியில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. பலரின் உடல்கள் மீட்கப்படவில்லை. உடலில்லாது கருமாதி செய்வது எவ்வாறு, மண்ணின் கீழ் உள்ளாரென அறிந்தும் அம்மண்ணின்மேல் நடப்பது எவ்வாறு என்னும் வினாக்களுக்கு அதிர்ச்சிக்குப் பிந்திய மனநெருக்கீடு என்னும் நோய்ப் பெயர் ஒரு பகுதி விடையே தரும். சரிவின் அபாயமுள்ள மலையில் மக்களைக் குடியிருத்தியது பெருந்தோட்டப் பொருளாதாரம். இரவில் மழை பெய்யும்போது உறங்க முடியாதிருப்பதோ ஒரு தனித் தாயின் உள்ளம். முன்னதைப் பேசுவோர் பின்னதை மறத்தலும், பின்னதை ஆற்றுவோர் முன்னதை மறைத்தலும் ஒருங்கே தவிர்க்கப்படல் வேண்டும்.

7. செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, ஆட்பலம் பற்றியது. இலங்கையில் சிகிச்சை உளவியலாளர் மிகச் சிலரே. அவருட் தமிழிற் சிகிச்சை அளிக்கவல்லார் மேலும் சிலர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களுள் இந்திய வம்சாவளித் தமிழர் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைந்தோராவர். மலையகப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக உளவியற் கல்விக்கும், அதன் மேலான சிகிச்சைப் பயிற்சிக்கும் ஆற்றுப்படுத்துதல் நீண்டகாலத் தீர்வாகும். அதுவரை, தோட்டங்களிலேயே பணியாற்றும் குடும்பநல உத்தியோகத்தர், ஆசிரியர், பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர் ஆகியோர்க்குத் துயரத்தை இனங்காணும் பயிற்சி அளிக்கப்படலாம்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. மருத்துவமனைகளில் உளநோய்ப் பிரிவுக்கெனப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் நியமிக்கப்படல் சலுகையன்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பதுளை மாவட்டத்திற் சில பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகவும் அறிவிக்கப்பட்டுள்ளன. உரிமை ஏட்டில் உள்ளது. சிகிச்சை அறைக்கு அது வந்து சேர்தல் வேண்டும்.

மூன்றாவது, ஆய்வு. தோட்ட மக்களின் துயரச் சொற்களைத் திரட்டி, அவை எச்சூழலில், எவரால், எவரிடம் கூறப்படுகின்றன என்பதைப் பதிவுசெய்யும் சொற்களஞ்சியம் ஒன்று முதலில் வேண்டப்படுகின்றது. தமிழ்த்துறை மாணவரும் உளவியல் மாணவரும் இணைந்து செய்யத்தக்க பணி இது. அதன்மேலேயே பொருத்தமான வினாக்கொத்துக்கள் கட்டியெழுப்பப்படல் கூடும். கோடாங்கி வழக்கு, காவல் தெய்வ வழிபாடு, கூத்து ஆகியவற்றின் ஆற்றும் தன்மை, போற்றலுக்காகவும் இகழ்தலுக்காகவும் அன்றி, டி சில்வா வற்புறுத்தியவாறு சோதனைக்காக ஆராயப்படல் வேண்டும். தரவு தந்த மக்களுக்கு முடிவுகள் அவர்தம் மொழியில் திருப்பியளிக்கப்படலும் ஆய்வின் ஒரு பகுதியே.

இலங்கையிற் பிறந்த உளவியலாளர் ஒருவர் இலண்டனின் சிகிச்சை அறையிலிருந்து பாளி நூல்களை நோக்கித் திரும்பியமை, மேலைத்தேய அறிவை விட்டொழித்தமையால் அன்று. அவ்வறிவின் சோதனை முறையைத் தம் மரபிற்கும் நேர்மையாகப் பயன்படுத்தியமையாலேயாம். அந்நேர்மையை நாம் இன்னும் தோட்டப்புறத்திற்குக் கொண்டுசெல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக இம்மக்களின் கொழுந்து நிறுக்கப்பட்டது, பேர் எண்ணப்பட்டது, தலைகள் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டன. அவர் கூறுவது என்ன என்பது மட்டும் முறையாகக் கேட்கப்படவில்லை. கேட்பதற்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை அளிக்கும் கடப்பாடு பல்கலைக்கழகங்களைச் சார்ந்ததாகும்.